சோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தபிறகும் மருத்துவமனை ஏன் இன்னொரு டியூப் ரத்தம் எடுத்தது?

மெல்பர்னில் படிக்கும் உங்கள் தம்பி, நண்பர் வீட்டு விருந்தில் எம்டிஎம்ஏ (‘எக்ஸ்டசி’ என்ற போதைப்பொருள்) என்று சொல்லிக் கொடுத்த மாத்திரையில் பாதியை விழுங்கியிருக்கிறான். முக்கால் மணி நேரத்தில் சோபாவிலேயே தூங்கி விழுந்து, மூச்சு குறைந்து, உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள், அபின் வகைப் போதையை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டதும் கண் திறந்தான். மருத்துவமனையில் சிறுநீர்ச் சோதனை ‘நெகட்டிவ்’ என்றார்கள். ஆனாலும் ஒரு டியூப் ரத்தம் கூடுதலாக எடுத்து, புதுப் போதைப்பொருள் கண்காணிப்புக்கு அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ‘நெகட்டிவ் என்றால் அவன் எதுவும் சாப்பிடவில்லை என்றுதானே அர்த்தம், அப்புறம் எதற்கு ரத்தம்?’ என்று மதுரையிலிருந்து கேட்கிறீர்கள். எழுதியிருப்பது அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. தம்பி உங்களிடம் உண்மையைச் சொல்கிறானா? அந்த ரத்தம் போலீஸ் கைக்குப் போய் அவன் படிப்பைக் கெடுத்துவிடுமா? ஆஸ்திரேலியாவில் மருத்துவமனை நச்சியல் ஆய்வகத்தில் 19 வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்த ‘நெகட்டிவ்’. மருத்துவமனையில் உடனடியாகச் செய்யும் சிறுநீர்ச் சோதனை, ஆன்டிபாடி என்ற புரதத்தை வைத்துச் செய்வது. ஒவ்வொரு ஆன்டிபாடியும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். சோதனைப் பட்டியலில் ஓபியேட் என்ற கட்டத்தில் இருக்கும் ஆன்டிபாடி மார்ஃபினின் வடிவத்துக்காகத் தயாரித்தது. ஹெராயின் உடலுக்குள் மார்ஃபினாக மாறுவதால் அதில் சிக்கும். கோடீன் சிக்கும். ஃபென்டனில் சிக்காது, மெத்தடோன் சிக்காது. ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்துகளின் வேலையைத்தான் அவையும் செய்கின்றன, ஆனால் வடிவம் வேறு. தூக்க மாத்திரை வகைக்கான கட்டமும் இப்படித்தான்: டயசிபாமைப் பிடிக்கும், லோராசிபாமைப் பல சமயம் தவறவிடும். ஆகவே அந்தத் தாளில் நெகட்டிவ் என்று இருந்தால், கட்டத்தில் எழுதியிருக்கும் ஐந்தாறு பொருட்கள் கண்டுபிடிக்கும் அளவில் இல்லை என்று மட்டும்தான் பொருள். பட்டியலில் இல்லாத பொருளைப் பற்றி அந்தச் சோதனை வாயே திறக்கவில்லை. இந்த வித்தியாசத்தை அவசரத்தில் டாக்டர்களேகூட நோயாளியின் குடும்பத்துக்கு விளக்குவதில்லை. அதனால் எத்தனை வீடுகளில் வீண் சண்டை வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், ரத்த அழுத்தத்துக்காக லபெட்டலால் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்கு ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருள் ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. லபெட்டலால் உடலில் உடைந்து வரும் பொருள் அந்த ஆன்டிபாடியை ஏமாற்றக்கூடியது என்பது எங்கள் துறையில் பழைய விஷயம். ஆனால் உறுதிப்படுத்தும் சோதனையின் முடிவு வர நான்கு நாளானது. அந்த நான்கு நாளும் வார்டில் அவரிடம் எல்லோரும் பேசிய தொனியே வேறாக இருந்தது. முடிவு வந்தது, ஆம்ஃபெட்டமின் துளியும் இல்லை. யாரும் அவரிடம் சரியாக மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து, ஸ்க்ரீனிங் முடிவை மட்டும் வைத்து ஒருவரைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று புதிதாக வரும் ஒவ்வொரு டாக்டரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லிவருகிறேன்.

இப்போது உங்கள் தம்பி. அவனைப் பார்க்காமல், ரத்த முடிவு இல்லாமல், அவன் விழுங்கியது இன்னதென்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. எம்டிஎம்ஏ ஆளைத் தூங்க வைக்கும் பொருள் அல்ல. நெஞ்சு படபடக்கும், உடம்பு கொதிக்கும், கண்மணி விரியும், பல்லைக் கடிப்பார்கள். மூச்சு குறைந்து உதடு நீலமாவது அதன் குணமில்லை. இரண்டாவது, நலோக்சோன் ஓபியாய்டு ஏற்பிகளில் போய் உட்காரும் மருந்து. வேறு வகைப் போதைக்கு அது பொதுவாகப் பயன் தராது. அவன் அதற்குப் பிறகு கண் திறந்தான் என்றால், மாத்திரையில் ஏதோ ஓபியாய்டு இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. சந்தேகம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்களைத் தட்டி எழுப்பும் நேரமும் ஊசி போடும் நேரமும் ஒன்றாக இருக்கும், எதனால் விழித்தான் என்று அறுதியிட முடியாது. ஆனால் அது ஓபியாய்டாக இருந்து, மார்ஃபின் வடிவத்தில் இல்லாததாகவும் இருந்தால், சிறுநீர்ச் சோதனை நெகட்டிவ் என்றுதான் வரும். அதாவது தம்பி சொன்னதும் உண்மை, சோதனை சொன்னதும் உண்மை, மாத்திரையைக் கொடுத்தவன் சொன்னதுதான் பொய் என்று ஆகலாம்.

இப்படி ஆட்களைச் சாய்க்கும் பொருட்களில் இப்போது எங்களுக்கு அதிகக் கவலை தருவது நைடசீன் குடும்பம். இவற்றை 1950-களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் வலி மருந்தாக ஆராய்ந்தது. வீரியம் மிக அதிகம், மூச்சு நிற்கும் அபாயமும் அதிகம் என்பதால் மருந்துக்கடைக்கு வரவேயில்லை. அறுபது வருடம் பழைய கட்டுரைகளுக்குள் கிடந்தவை, 2019 வாக்கில் கள்ளச்சந்தையில் தலைகாட்டின. எம்டிஎம்ஏ என்று விற்ற மாத்திரையிலும், தூக்க மாத்திரை என்று விற்ற போலியிலும், வேப் திரவத்திலும் நைடசீன் இருந்ததாக மெல்பர்ன் இருக்கும் விக்டோரிய மாநிலத்தின், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சுகாதாரத் துறைகள் எச்சரிக்கை வெளியிட்டிருக்கின்றன. இவை ரத்தத்தில் மிகமிகச் சிறிய அளவில் இருந்தே ஆளைச் சாய்க்கும் என்பதால், நல்ல ஆய்வகம்கூட இதைத் தேடுகிறோம் என்று நினைத்துத் தேடினால்தான் கண்ணில் படும்.

அந்தக் கூடுதல் டியூப் இதற்காகத்தான். ஆஸ்திரேலியாவில் இந்த வேலையைச் செய்யும் வலையமைப்புக்கு எட்னா என்று பெயர். ராயல் பெர்த் மருத்துவமனையின் அவசர சிகிச்சை மருத்துவர்கள் தங்கள் வார்டில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்து, மற்ற மாநிலங்களுக்கும் போனது. விக்டோரியாவில் எட்னாவ் என்பார்கள். ரத்தத்தைச் சோதிப்பது விக்டோரிய தடயவியல் மருத்துவக் கழகம். வழிமுறை எளிது. கடுமையான நிலையில் வருபவருக்கு எப்படியும் டிரிப் போட நரம்பில் ஊசி ஏற்றுவார்கள். அப்போதே ஒரு டியூப் அதிகமாக எடுத்து வைப்பார்கள். அந்த முதல் ரத்தம்தான் முக்கியம். அதற்குப் பிறகு மருத்துவமனையில் நாங்களே அமைதிப்படுத்த மிடாசோலம் கொடுப்போம், மயக்கத்துக்குக் கெட்டமின் கொடுப்போம், வலிக்கு ஃபென்டனில் கொடுப்போம். பிறகு எடுத்த ரத்தத்தில் அதெல்லாம் தெரிந்து, எது நோயாளி கொண்டுவந்தது, எது நாங்கள் கொடுத்தது என்று குழம்பிவிடும். சிறுநீரை விட ரத்தம் நல்லது என்பதற்கும் காரணம் உண்டு. சிறுநீர் கடந்த சில நாட்களின் கதையைச் சொல்லும். கஞ்சா என்றால் சில வாரங்களின் கதை. ரத்தம் இந்த மணி நேரத்தில் உடம்பில் வேலை செய்துகொண்டிருப்பதற்கு அருகில் நிற்கும்.

டியூப் போய்ச் சேரும் இடத்தில் ஆன்டிபாடி வேலை இல்லை. ரத்தத்தில் இருப்பதைப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறின் எடையையும் அது உடையும்போது வரும் துண்டுகளின் எடையையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளக்கிறது. சில கருவிகள் குறித்துக்கொடுத்த நூற்றுக்கணக்கான பொருட்களை மட்டும் தேடும். இன்னும் துல்லியமான சில கருவிகள், தேடச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்த ரத்தத்தில் கண்ட எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்துவிடும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஆறு மாதம் கழித்து ஐரோப்பாவில் ஒரு புதுப்பொருள் தெரியவந்தால், பழைய கோப்பைத் திறந்து ‘அன்றே இது நம் ஊரில் இருந்ததா’ என்று பார்த்துவிடலாம், ரத்தம் தீர்ந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. இது தேவைப்படுவதற்குக் காரணம் எண்ணிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னெச்சரிக்கை அமைப்பு 1997-லிருந்து இயங்குகிறது, இன்று அதன் கண்காணிப்பில் 1000-க்கு மேற்பட்ட புதுப் பொருட்கள் இருக்கின்றன. ஆறு கட்டங்கள் கொண்ட சிறுநீர்ச் சோதனை அந்தக் கூட்டத்தில் எதைப் பிடிக்கும்?

ரத்த முடிவு மட்டும் வந்து பயனில்லை. கூடவே அந்த நோயாளிக்கு என்ன ஆனது என்பதும் வேண்டும்: நாடித்துடிப்பு, உடல் வெப்பம், வலிப்பு வந்ததா, எத்தனை முறை நலோக்சோன் தேவைப்பட்டது, ஐசியூ போனாரா, எதைச் சாப்பிட்டதாக அவரே சொன்னார். கழிவுநீரைச் சோதித்து ஒரு நகரம் எவ்வளவு மெத் (மெத்ஆம்ஃபெட்டமின்) பயன்படுத்துகிறது என்று கணக்கிடும் தேசியத் திட்டம் ஆஸ்திரேலியாவில் 2016-லிருந்து நடக்கிறது. மிகப் பயனுள்ள வேலை. ஆனால் யார் மூச்சு நின்று விழுந்தார்கள் என்று சாக்கடை நீர் சொல்லாது. ஐரோப்பாவில் 2013-ல் 10 நாடுகளின் 16 மையங்களோடு யூரோ-டென் என்ற திட்டம் தொடங்கினார்கள். அது பெரும்பாலும் நோயாளி சொன்னதையும் டாக்டர் கண்டதையும் வைத்துப் பதிவு செய்வது. அதுவும் நல்ல திட்டம்தான், ஆனால் உங்கள் தம்பி போன்றவர்கள் அதில் எம்டிஎம்ஏ என்றே பதிவாவார்கள். என்னைக் கேட்டால், நோயாளியின் வாக்கு, உடம்பின் குறிகள், ரத்தத்தின் முடிவு மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்காத வரை நாம் சந்தையில் ஓடும் பெயரைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம், பொருளை அல்ல.

எப்படி வேலை செய்யும் என்பதற்கு பெர்த்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2018 ஜனவரித் தொடக்கத்தில், விக்டோரியா பார்க் பகுதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த இளம் பயணிகள், தபாலில் வந்த வெள்ளைப் பொடியைக் கோகைன் என்று நினைத்து மூக்கில் இழுத்தார்கள். 9 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கண்மணி விரிந்து, நெஞ்சு படபடத்து, இல்லாததைப் பார்த்துப் பிதற்றிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் ஊமத்தங்காய் தின்றவரைப் பார்த்த கிராமத்து ஆட்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். பொடி ஹயோசின். ஊமத்தையில் இருக்கும் அதே பொருள்தான். எந்தச் சிறுநீர்ப் பட்டியலிலும் அது கிடையாது. உடம்பின் குறிகளைப் படித்த டாக்டர்களும், பொருளை உறுதிசெய்யும் ஆய்வகமும் ஒரே ஊரில் கைகோத்து வேலை செய்ததால்தான் அந்தக் குழப்பம் தெளிந்தது.

நியூயார்க் கதை வேறு விதம். 2016 ஜூலை 12 அன்று புரூக்ளினில் ஒரே தெருப் பகுதியில் 33 பேர் நின்ற இடத்திலேயே மரத்துப்போய், முனகிக்கொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருந்தார்கள். பத்திரிகைகள் ‘ஜோம்பி’ என்று எழுதின. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது, அவர்கள் யாரோ ஒருவரின் பிள்ளைகள். 18 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 8 பேருடைய மாதிரிகளை கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் சோதித்தது. புகைத்த மூலிகைப் பாக்கெட்டில் ஏஎம்பி-ஃபுபினாகா என்ற செயற்கைக் கஞ்சாப் பொருள் இருந்தது. ஆனால் நோயாளிகளின் ரத்தத்தில் அந்தப் பொருளே இல்லை! உடம்பு அதை அதற்குள் உடைத்துவிட்டது, உடைந்த அமிலம் மட்டும் மிஞ்சியிருந்தது. பாக்கெட்டில் இருந்ததை மட்டும் ரத்தத்தில் தேடியிருந்தால் அங்கேயும் ‘நெகட்டிவ்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். எதைத் தேடுவது என்பதோடு, அது உடம்பில் எதுவாக மாறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சில நேரம் கருவிக்கு முன்னால் டாக்டரின் சந்தேகமே வேலையைத் தொடங்கிவிடும். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் ஒழுக ஆட்கள் வரிசையாக அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். ரத்தம் உறையவில்லை. எல்லோரும் செயற்கைக் கஞ்சா புகைத்தவர்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதில் எலி மருந்தான புரோடிஃபாகூம் கலந்திருந்தது. 150-க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தும் போனார்கள். வைட்டமின் கே கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார்கள், அதையும் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. போதைப்பொருள் பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் எலி மருந்தை அதில் யார் சேர்த்திருப்பார்கள்?

இந்த முறையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ரத்தத்தில் ஒரு பொருள் இருந்தது என்று ஆய்வகம் உறுதிசெய்தால் அதை நம்பலாம். அதுதான் அவரைச் சாய்த்தது என்பது அடுத்த படி, அங்கே நிச்சயம் குறைந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ரத்தத்தில் மூன்று நான்கு பொருட்களும் மதுவும் ஒன்றாக இருக்கும். ஒரு மாதத்தில் ஒரு பொருள் 20 பேரிடம் கிடைத்தது என்பதை வைத்து ஊரில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்குப் போடவும் கூடாது. உடம்பு கெட்டவர்கள் மட்டும்தான் எங்களிடம் வருகிறார்கள். வீட்டிலேயே இறந்தவர்கள் மரண விசாரணை அதிகாரியான கரோனரிடம் போகிறார்கள், ஒன்றும் ஆகாதவர்கள் எங்கேயும் வருவதில்லை. பெரிய நகர மருத்துவமனைகளில்தான் இந்தத் திட்டம் பெரும்பாலும் நடக்கிறது என்பதால் கிராமப்புறம் இருட்டாகவே இருக்கிறது. அப்புறம் நேரம். முடிவு வர சில நாட்களோ வாரங்களோ ஆகும். படுத்திருக்கும் நோயாளியின் சிகிச்சைக்கு அது உதவாது. டாக்டர்கள் மூச்சையும் நாடியையும் பார்த்துத்தான் வைத்தியம் செய்கிறார்கள், அது சரியும்கூட. அந்த டியூப் உங்கள் தம்பிக்காக அல்ல, அடுத்த சனிக்கிழமை அதே மாத்திரையை வாங்கப்போகும் பையனுக்காக.

அந்த எச்சரிக்கையை எப்படி எழுதுவது என்பதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. இன்ன நிறம், இன்ன முத்திரை போட்ட மாத்திரை என்று எழுதினால், அந்த நிறம் இல்லாதது பாதுகாப்பானது என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். வீரியமானது என்று எழுதினால் அதையே தேடிப்போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். நான் சொல்லிவிட வேண்டும் என்ற கட்சி. தோற்றத்தையும் சொல்லி, இதே தோற்றத்தில் வேறு எதுவும் இருக்கலாம் என்பதையும் சொல்லி, மூச்சு குறைந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் உறுதியாகும்வரை காத்திருந்து மூன்று வாரம் கழித்து வரும் அறிவிப்பு, நடுவில் விழுந்தவர்களுக்கு உதவவில்லையே.

இனி உங்கள் மூன்றாவது கவலை. இந்தக் கண்காணிப்புக்கான ரத்தம் சிகிச்சையின்போது, பொதுச் சுகாதாரத்துக்காக எடுப்பது. பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணோடுதான் பகுப்பாய்வுக்குப் போகும். யார் மீதாவது வழக்குப் போடுவது அதன் நோக்கம் இல்லை. நினைவில்லாமல் கிடப்பவரிடம் முன்கூட்டி ஒப்புதல் வாங்க முடியாது என்பதால், இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழு தனியாக ஆராய்ந்து அனுமதி கொடுப்பது வழக்கம். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு ரத்தம் உண்டு: விக்டோரியாவில் சாலை விபத்துக்குப் பிறகு மருத்துவமனைக்கு வருபவரிடம் சட்டப்படி எடுக்கும் மாதிரி. அது போலீஸுக்குப் போகும், அதன் டியூபும் முத்திரையும் தனி. தம்பி வண்டி ஓட்டவில்லை, சோபாவில் விழுந்தவன். ஆகவே அது அவனுக்குப் பொருந்தாது. விசா பற்றி நான் பேசினால் தவறாகிவிடும், நான் வழக்கறிஞன் இல்லை. அந்தக் கவலை தீரவில்லை என்றால் அவனுடைய பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவி மையத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: போலீஸ் பயத்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் விட்டு, காலையில் நண்பன் குளிர்ந்து கிடந்ததைக் கண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தம்பியின் நண்பர்கள் அவசர உதவி எண்ணான 000-வை அழைத்தார்களே, அவர்களுக்கு நீங்களும் அம்மாவும் ஒரு நன்றி சொல்லுங்கள்.

இன்னும் சில காரியங்கள் பாக்கி இருக்கின்றன. நலோக்சோனின் பலன் முப்பது நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும், சில ஓபியாய்டுகள் அதைவிட நீண்ட நேரம் உடம்பில் நிற்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று யாரையும் உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பது இதனால்தான். 2022 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா முழுக்க நலோக்சோன் மூக்கு ஸ்ப்ரே, திட்டத்தில் சேர்ந்த மருந்துக்கடைகளில் சீட்டும் காசும் இல்லாமல் கிடைக்கிறது. தம்பியும் அவன் நண்பர்களும் ஆளுக்கொன்று வாங்கி வைக்கட்டும், யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். மீதிப் பாதி மாத்திரை யாரிடமாவது இருந்தால் யாரும் விழுங்கக் கூடாது. அதன் நிறம், வடிவம், மேலிருந்த குறி, யார் யார் எவ்வளவு எடுத்தார்கள், எத்தனை நிமிடத்தில் சாய்ந்தான் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி, சிகிச்சை கொடுத்த அவசரப் பிரிவுக்கு போன் செய்து சொல்லச் சொல்லுங்கள். எங்கள் கோப்புகளில் அடிக்கடி காலியாகக் கிடப்பது அந்தப் பத்திதான்.